குளத்து மூலைக் கல்

பூவங்காட்டுவிளையில் குளம் கிடையாது என்று எல்லாரும் சொன்னார்கள். பக்கத்து ஊரான கருங்கலில் என்னை ஏற்றிக்கொண்ட ஆட்டோக்காரர் சொன்னார். வழியில் வாழைக்குலை அடுக்கிக்கொண்டிருந்தவர் சொன்னார். கடைசியில், நான் தேடிப்போன வீட்டில், ஞானபாயும் சொன்னாள். அவள் மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"கொளமா? இஞ்ச ஏது கொளம் டீச்சரே? கெணறு ஒண்ணு உண்டு. பின்ன மழை பெஞ்சா ரோடெல்லாம் கொளமாக்கும்."

நான் டீச்சர் இல்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு கைப்பையில் பேனா வைத்திருக்கும் பெண்கள் எல்லாரும் ஞானபாய்க்கு டீச்சர்தான். நாகர்கோவிலில், கோர்ட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு மாடியறையில் உட்கார்ந்து, மலையாளத்தில் இருக்கும் பழைய ஆதாரங்களை, அதாவது நிலப் பத்திரங்களை, தமிழில் எழுதிக் கொடுப்பது என் வேலை. இந்த மாவட்டம் திருவிதாங்கூரோடு இருந்த காலத்துப் பத்திரங்களும் பதிவேடுகளும் வரைபடங்களும் மலையாளத்தில் இருக்கின்றன. நிலத்தை அனுபவிக்கிறவர்கள் தமிழ் படித்தவர்கள். சொந்த வீட்டின் நாலெல்லையை வாசிக்கத் தெரியாமல் அந்த மாடிப்படி ஏறி வருவார்கள்.

அப்படித்தான் பிரீனாவும் வந்தாள். ஞானபாயின் மருமகள். கருங்கலில் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறாள். ஊராருக்கெல்லாம் பட்டா எடுத்துக் கொடுக்கிற பெண், தன் வீட்டுக்கு வந்த நோட்டீசைப் பையிலிருந்து எடுத்து என் மேசையில் விரித்தாள்.

"அக்கா, எங்க வீடு கொளத்துக்குள்ள இருக்காம்."

நீர்நிலைகளை மீட்கும் நடவடிக்கை. வீடு இருக்கும் புல எண் குளம் புறம்போக்கு என்று பதிவில் இருக்கிறது. ஆக்கிரமிப்பை இருபத்தொரு நாளில் அகற்ற வேண்டும். ஆட்சேபம் இருந்தால் ஆதாரத்துடன் எழுதித் தரலாம். அளவைக்கு ஆள் வரும் நாள் புதன்கிழமை.

நான் திருவனந்தபுரம் போய்ப் பழைய வரைபடத்தின் நகலை வாங்கிக்கொண்டு, சனிக்கிழமை பூவங்காட்டுவிளைக்கு வந்தேன். வீடு தேடிப் போவது என் வழக்கமில்லை. காகிதம் என்னிடம் வரும், நான் எழுதுவேன், காகிதம் போய்விடும். இந்த முறை ஏன் போனேன் என்று யோசித்தால், பிரீனா படியிறங்கும்போது சொன்ன ஒரு வாக்கியம்தான் ஞாபகம் வருகிறது. "எனக்க மாமி ரெண்டு நாளா சோறு வச்சா ஒரு ஆளுக்குள்ள அரிசி கொறச்சுத்தான் போடியாவ அக்கா. அவியளுக்கு உள்ளத மறந்து போவியாவ."

ஐப்பசி பிறந்து நாலு நாள். வானம் மூடிக் கிடந்தது. ஞானபாய் அப்போதுதான் அண்டியாபீசிலிருந்து வந்திருந்தாள். முந்திரி ஆலையை இங்கே அண்டியாபீஸ் என்பார்கள். முப்பத்தைந்து வருடமாகக் கொட்டை உடைத்து, பருப்பில் தோலுரித்து, அவளுடைய இரண்டு பெருவிரல்களும் சுட்டுவிரல்களும் கறுத்து, ரேகை அழிந்து போயிருந்தன. ரேஷன் கடையில் விரல் வைத்தால் இயந்திரம் அவளை அடையாளம் காண்பதில்லையாம்.

"கர்த்தருக்குத் தெரியும் நான் ஞானபாய்ண்ணு. கடைக்காரனுக்கும் தெரியும். அந்தப் பெட்டிக்கு மட்டும் தெரியாது," என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். மரச்சீனிக் கிழங்கு வேகவைத்து, சாளை மீன்கறி வைத்திருந்தாள். வரைபடத்தை விரிக்கவிடாமல், முதலில் தின்னச் சொன்னாள். "வயறு நெறஞ்சா கண்ணு தெளியும். தின்னு."

வீடு புதிதாகப் பூசியிருந்தது. மகன் ஜெப்சன் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். ஒன்பது வருடத்தில் இரண்டு அறையும் மேல்தளமும் எழுப்பியிருக்கிறான். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவன் வீடியோவில் வந்தான். "அம்மா, அழுதியா?" என்று கேட்டான். "உள்ளி அரிஞ்சேன் மக்கா," என்றாள். அடுப்படியில் வெங்காயம் எதுவும் இல்லை. பிரீனா என்னைப் பார்த்தாள். நான் கிழங்கைப் பார்த்தேன்.

சாப்பிட்ட தட்டை ஒதுக்கிவிட்டு வரைபடத்தை விரித்தேன். கொல்லம் ஆண்டு 1068. கிணறு ஒரு சின்ன வட்டம். பாதை இரட்டைக் கோடு. அதற்கு அப்பால் ஒரு வளைந்த உருவம், உள்ளே அலை அலையாகக் கோடுகள். பக்கத்தில் மலையாளத்தில் ஒரே ஒரு சொல். குளம்.

ஞானபாய் கறுத்த விரலை அதன் மேல் வைத்தாள். "இது அண்டியில்லியா?"

அவள் சொன்ன பிறகுதான் நானும் பார்த்தேன். அச்சு அசல் ஒரு முந்திரிக்கொட்டை. வடகிழக்கு முனை கூர்ந்து, நடுவில் குழிந்து, தெற்கே பருத்து. கூரிய முனையில் ஒரு சின்னப் பெருக்கல் குறி. அளவைக் கல்லுக்கான அடையாளம்.

"அப்பம் கொளம் இருந்துது," என்றாள் பிரீனா மெல்ல.

அந்த நிமிடத்தில் என் மனம் செய்ததை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது. ஊரே இல்லை என்று சொன்னதை நான் தேடிக் கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம். எதிரே இரண்டு பெண்கள் தங்கள் வீட்டின் மேல் அலைக்கோடு வரைந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காகிதத்தோடு வாழ்ந்து வாழ்ந்து இப்படி ஆகிவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில்தான் இன்னொரு தடவை உற்றுப் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

"பிரீனா, கிணறு எங்கே இருக்கு?"

"ரோட்டுல. நம்ம வீட்டுக்கு மேக்க."

"இந்தப் படத்தில் குளம் கிணற்றுக்கு மேற்கே இருக்கு. உங்க வீடு கிணற்றுக்குக் கிழக்கே."

மூவரும் எழுந்து கிணற்றடிக்குப் போனோம். கைப்பிடிச் சுவரில் ஆண்டு வெட்டியிருந்தது: 1061. படம் வரைந்தபோது அதே இடத்தில் இருந்த கிணறு. அளவுகோல்படி கிணற்றிலிருந்து குளத்தின் கூர்முனை மூன்று சங்கிலி. ஒரு சங்கிலி அறுபத்தாறு அடி. வீட்டில் பிளம்பர் விட்டுப்போன அளவு நாடாவைப் பிரீனா எடுத்து வந்தாள். மேற்கே பிடித்துக்கொண்டு நடந்தோம். இருநூறு அடிக்கு இரண்டு குறைவாக நாடா போய் நின்ற இடம், சபை கிரவுண்டு.

கோயில் என்று ஊரார் சொல்லும் தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் பெரிய திடல். கிறிஸ்துமஸ் மேடை, ஸ்தோத்திரப் பண்டிகைப் பந்தல், சனி ஞாயிறு மாலை கிரிக்கெட் எல்லாம் அங்கேதான். நாலைந்து பையன்கள் ஸ்டம்ப் ஊன்றிக்கொண்டிருந்தார்கள்.

"மாமி," என்றாள் பிரீனா. "கொளம் இஞ்சயாக்கும் இருந்துது. நம்ம வீட்டுல இல்ல."

ஞானபாய் திடலைப் பார்க்கவில்லை. தன் வீட்டின் பின்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

சபைச் செயலர் சத்தியநேசனுக்கு அறுபது வயது இருக்கும். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் வரலாறு தேடி வந்திருக்கிறேன் என்றதும் முகம் மலர்ந்துவிட்டார். ஞாயிறு ஆராதனை முடிந்து, அங்கி அறையில் இருந்த தகரப்பெட்டியைத் தானே திறந்தார். உள்ளே ஞானஸ்நானப் பதிவேடுகள், கரையான் அரித்த பாட்டுப் புத்தகங்கள், அடியில் காலிகோ துணி சுற்றிய ஒரு நோட்டு. ஏசுவடியாள் என்ற பைபிள் ஸ்திரீயின் தினக்குறிப்பு. வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு எழுத்தும் வேதமும் சொல்லிக்கொடுத்தவர். தினமும் எங்கே போனார், யாரைப் பார்த்தார் என்று எழுதி மாதம் ஒருமுறை மிஷன் துரைசானியிடம் காட்ட வேண்டும்.

"வாசியுங்க மேடம், வாசியுங்க. சத்தமாட்டு வாசியுங்க," என்றார் சத்தியநேசன். ஞானபாயும் பிரீனாவும் வாசற்படியில் நின்றார்கள்.

வாசித்தேன்.

'விருச்சிக மாசம் 9. இவ்விடத்து நம்முடைய ஜனங்கள் பக்கத்தூர் மேட்டுக்குளத்தில் தண்ணீர் மொள்ளத் தடையானபடியால், கோயிலுக்குப் பின்னே தாங்களே வெட்டிவந்த குளத்தில் இன்று ஊற்றுக் கண்டது. ஸ்திரீகள் மண் சுமந்த கடவப்பெட்டிகளை எறிந்துவிட்டு அழுதார்கள். நான் ஜெபம் பண்ணினேன். ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. எல்லாரும் குடித்துக்கொண்டிருந்தார்கள்.'

பிரீனா சிரித்துவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்தாள். சத்தியநேசன் நோட்டையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவருக்கு விஷயம் பிடிபட்டது. வரைபடம், நோட்டீஸ், நாடாவோடு நேற்று மூன்று பெண்கள் திடலில் நடந்தது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அவர் முகத்தில் வந்து நின்றன.

"அத மூடுங்க."

"நேசண்ணே," என்றாள் ஞானபாய்.

"ஒனக்க வீட்டக் காப்பாத்த சபைக்க கிரவுண்ட கொளமாக்கப் போறியா ஏட்டி? பண்டிகைக்குப் பந்தல எங்க கொண்டு போடியது? ஒனக்க மேல்தளத்துலயா?"

"இடம் இருந்தா போடும் ஓய்," என்றாள் ஞானபாய்.

"கோயிலுக்குப் பின்னேண்ணுதான எழுதியிருக்கு? இஞ்ச எல்லாமே கோயிலுக்குப் பின்னதான். ஒனக்க வீடும் பின்னதான். கல்லு எங்க கெடக்கோ அங்கதான் கொளம். சர்வேயர் கல்ல வச்சில்லியா அளப்பாரு? கல்லு ஒனக்க வீட்டுக்குப் பின்னயாக்கும் கெடக்கு."

பெட்டியைப் பூட்டினார். பூட்டும்போது, யாரும் கேட்காமலே சொன்னார்: "கொளத்த மூடியப்ப எனக்குப் பன்னெண்டு வயசு. நானும் மண்ணு சொமந்தேன். ஒரு கடவத்துக்கு ஒரு பன்னு குடுத்தாவ. ஏழு பன்னு தின்னேன்."

அப்போது அவர் முகம் பன்னிரண்டு வயதாகத்தான் இருந்தது. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

ஆனால் அவர் சொன்னது சரி. நான் வரைபடத்தையும் நாடாவையும் நம்பினேன். அளப்பவருக்குக் கல் வேண்டும். எழுபத்தொன்பதில் மறு அளவைக்கு வந்தவர்கள் இங்கே குளத்தைப் பார்த்திருக்க முடியாது. அது மூடி மூன்று வருடம் ஆகியிருந்தது. கல்லைப் பார்த்திருக்கிறார்கள். கல்லிலிருந்து பழைய உருவத்தை அப்படியே வரைந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்படியானால் கல் எப்படிக் கிழக்கே வந்தது?

திங்கள் மாலை, அண்டியாபீஸ் விட்டு ஞானபாய் வரும் நேரத்துக்கு மறுபடி போனேன். வீட்டுக்குப் பின்னால் துணி அலக்கிக்கொண்டிருந்தாள். நான் வந்தது தெரிந்தும் நிமிரவில்லை. ஜெப்சனின் மகள் ரெனிஷாவின் பள்ளிச் சீருடையைக் கல்லில் ஓங்கி ஓங்கி அடித்தாள். சோப்பு நுரை வழிந்து விலகியபோது கல்லின் முகம் தெரிந்தது. நாற்பது வருடத் துணியில் தேய்ந்து, ஆனாலும் விரலால் தடவினால் தெரியும்படி, ஒரு பெருக்கல் குறி.

நான் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குக் கேட்கத் தைரியம் இல்லை என்பதுதான் உண்மை.

"சொல்லட்டா?" என்றாள் அவளே. "எனக்க மாப்பிள ஜான்ரோஸ் கொண்டு வந்ததாக்கும். கொளம் மூடியப்ப கல்லு சும்மாதான கெடக்குண்ணு, அவருக்க அம்மைக்குத் துணி அலக்கியதுக்கு உருட்டிக்கொண்டு வந்து இஞ்ச நட்டாரு. அவருக்கு அப்பம் பத்தொம்பது வயசு. கெட்டிட்டு வந்த மறுநாள் என்னக் கொண்டு காட்டினாரு. 'சர்க்கார் கல்லுல துணி அலக்கிய ஒரே ராணி நீதாண்டி'ண்ணாரு. நான் சிரிச்சேன். நாப்பது வருசம் இதுலதான் அலக்கினேன்."

"இதை ஏன் முதல்லயே சொல்லல?"

"எப்படிச் சொல்லியது? அவரு செத்து ஆறு வருசம். கல்லறையில பேரு வெட்டி வச்சிருக்கேன், உண்மையுள்ளவன்ண்ணு. இப்பம் ஆபீசுல போயி, எனக்க மாப்பிள சர்க்கார் கல்லக் களவாண்டாருண்ணு எழுதிக் குடுக்கவா? வீடு போனாப் போவட்டுண்ணு ரெண்டு நாளு நெனச்சேன். பின்ன ஜெப்சன் அங்க வெயில்ல நிக்கியத நெனச்சா..."

துணியைப் பிழிந்தாள். பிழிந்ததையே மறுபடி பிழிந்தாள்.

குலசேகரத்தில் எங்கள் அப்பாவின் ரப்பர்த் தோட்டத்தைப் பிரித்தபோது, அண்ணன்களுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தவள் நான். பழைய ஆதாரத்தைத் தமிழாக்கியதும் நான்தான். எல்லையெல்லாம் சரியாக எழுதி, எனக்கு அதில் யாதொரு உரிமையும் இல்லை என்ற வரியையும் அழகான கையெழுத்தில் எழுதினேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. எனக்கும் பங்கு உண்டு என்று சொன்னால் அண்ணன்களின் பெயர் கெடும் என்று பயந்தேன். பதினாறு வருடமாக அதைப் பெருந்தன்மை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஞானபாய் பிழிந்துகொண்டிருந்த அந்தச் சீருடையைப் பார்த்தபோது அந்தச் சொல் எனக்குக் கசந்தது.

"அவர் திருடல," என்றேன். "குளத்தை மூடினது ஊர். கல்லுக்கு வேலை இல்லைன்னு ஊரே முடிவு செய்தது. அவர் அதுக்கு ஒரு வேலை கொடுத்தார்."

ஞானபாய் முதன்முறையாக என்னை நேராகப் பார்த்தாள். "அப்படி எழுதுவியா பிள்ளே?"

டீச்சர் போய்ப் பிள்ளை ஆகியிருந்தேன்.

"எழுதுவேன். ஆனா நீங்க வாயால சொல்லணும்."

அன்று ராத்திரி தொடங்கிய மழை செவ்வாய் முழுக்க விடவில்லை. புதன் காலையில் கொஞ்சம் வெறித்தது. சர்வேயர் அனில்குமார், முப்பது வயது இருக்கும், முட்டுவரை சுருட்டிய பேண்டோடு வந்தார். கூடவே சங்கிலி பிடிக்க ஓர் ஆள். சத்தியநேசன் குடையோடு வந்து நின்றார். கிரிக்கெட் பையன்களும் வந்தார்கள். மட்டை இல்லாமல் அவர்கள் கை வெறுமையாகத் தொங்கியது.

அனில்குமார் நேராக வீட்டின் பின்பக்கம் போனார். "கல்லு இருக்கு. இதுதான் வடகிழக்கு மூலை."

ஞானபாய் அண்டியாபீஸ் போகும் சேலையில் இருந்தாள். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு நின்றாள். "சாறே, அது மூலைக்கல்லுதான். ஆனா மூல இது இல்ல."

"என்னம்மா சொல்லுதிய?"

"எனக்க மாப்பிள கொண்டு வந்து நட்டதாக்கும். எழுவத்தாறுல. நான் அவருக்க வாயால கேட்டேன். அவரு களவாணி இல்ல. அவருக்க அம்மைக்கு நடுவு வலி, குனிஞ்சு அலக்க ஒக்காது. அதுக்குக் கொண்டு வந்தாரு."

எழுதாத ஒரு விவரம் அது. நடுவு வலி. என் மனுவில்கூட இல்லை. அனில்குமார் கல்லைப் பார்த்தார், என் வரைபடத்தைப் பார்த்தார், கிணற்றைக் கேட்டார். கிணற்றிலிருந்து மூன்று சங்கிலி மேற்கே பிடித்துக்கொண்டு போனார்கள். நாங்கள் பின்னால் போனோம். கோயில் சுவரைத் தாண்டித் திடல் கண்ணில் பட்டதும் முன்னால் போன பையன்கள் நின்றார்கள்.

திடலில் தண்ணீர் நின்றது. எல்லா மழைக்கும் நிற்பதுதான். "பிட்ச் நனஞ்சு போச்சு" என்று பையன்கள் வருடா வருடம் சலித்துக்கொள்வதுதான். ஒருவரும் அதை இப்படி ஒரு கரையில் நின்று, கையில் படம் வைத்துக்கொண்டு பார்த்ததில்லை. வடகிழக்கே கூர்ந்து, நடுவில் குழிந்து, தெற்கே பருத்து.

"அண்டி," என்றாள் பிரீனா.

அனில்குமார் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்து, மறுபடி நேராக்கிப் பார்த்தார். "கொள்ளாமே," என்று வியந்தார். பிறகு ஆள் கடப்பாரையால் கூர்முனையில் தோண்டினான். ஓரடி ஆழத்தில், கல் நிற்பதற்காக முன்பு சுற்றிலும் செருகிய சல்லிக்கற்கள், நடுவில் சதுரமாக ஒரு வெற்றிடம்.

சத்தியநேசன் குடையை மடக்கிவிட்டார். மழை தூறிக்கொண்டிருந்தது.

"ரிப்போர்ட்டுல எழுதிருவேன்," என்றார் அனில்குமார். "மேல ஆர்டர் வர மாசக்கணக்காவும். ஆனா அதுவர ஒங்க வீட்டத் தொட மாட்டாவ. இதக் கொளம்ண்ணு எழுதியதுக்கு சபையில இருந்து ஆட்சேபம் உண்டா?"

எல்லாரும் சத்தியநேசனைப் பார்த்தார்கள். அவர் தண்ணீரைப் பார்த்தார். கோடையில் இங்கே கிணற்றில் வாளி தட்டும். லாரியில் தண்ணீர் வரும், குடத்துக்கு வரிசை நிற்கும்.

"எழுதும் சாறே," என்றார். "ஏழு பன்னுக்குள்ள மண்ண நான் வெட்டி எடுத்துத் தாறேன். பாக்கிய மத்தவன் பாத்துக்கட்டு." பிறகு பையன்களிடம், "ஏலே, வாய் பாத்தோண்டு நிக்காம போயிக் கல்லத் தூக்குங்க."

"அப்பம் கிரிக்கெட்?"

"நீச்சல் படிலே."

சர்வேயர் முன்னிலையில் கல்லைப் பெயர்த்தார்கள். நாற்பத்தெட்டு வருடத்துச் சோப்பு அதன் அடியில் வெள்ளையாக உறைந்திருந்தது. ஞானபாய் கூடவே நடந்தாள். "மெல்ல மக்கா, மெல்ல," என்று, சீக்காளியைத் தூக்கிப் போகிறவர்களிடம் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே வந்தாள். பழைய குழியில் இறக்கியதும் கல் ஆடாமல் உட்கார்ந்தது. அலக்கித் தேய்ந்த முகம் தண்ணீரைப் பார்த்து இருந்தது.

பிரீனா போனை உயர்த்தி மஸ்கட்டுக்குக் காட்டினாள். "அம்மா என்ன செய்யுதாவ?" என்றது ஜெப்சனின் குரல். அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்றால், முந்தானையால் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கல்லையும் குடுத்தாச்சு," என்றார் சத்தியநேசன். "இனி துணிய எங்க கொண்டு அலக்குவ ஏட்டி?"

ஞானபாய் நிமிர்ந்தாள். "என்ன கேள்வி கேக்கியீரு ஓய்? கொளம் வரட்டு. கல்லு கரையிலதான கெடக்கு."